கருப்பசாமியின் கண்ணில் மொய்த்த ஈ

கஞ்சா தின்றால் சித்திரக்காரன் கண்ணுக்கு இல்லாத அழகு தெரியுமா? நான் பள்ளிக்கூடம் முடித்த சமயம் ஒருவர் என்னிடம் கேட்டார். ராசிங்காபுரம் மொக்கச்சாமியின் கதையை அதற்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

மொக்கச்சாமி மண்சிலைகளுக்கு வர்ணம் பூசுகிறவர். ஐம்பத்து நாலாம் வருஷம் ஊர்க் கருப்பசாமி சிலை அவர் கைக்கு வந்தது. அது நன்றாக அமைந்தால் கோவில் வேலை மொத்தமும் இனி அவருக்கே என்று பூசாரி மலைச்சாமி சொல்லியிருந்தார். உடம்பெல்லாம் பூசியாயிற்று, கண் மட்டும் பாக்கி. அதைக் கடைசியில், திரைக்குள் தனியாக நின்று வரைந்து திறக்க வேண்டும். திறந்த கண்ணை அழிக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு.

அன்று காலை, போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் மச்சினன் பால்சாமி ஒரு கஞ்சா உருண்டையோடு வந்தான்.

"மாமா, இத முழுங்கிட்டு வரைஞ்சு பாரு. சாமியே நேர்ல வந்து நிக்கும்."

"நெசமாவா மாப்ளே?"

"பின்னே? கூழக் குடிச்சிட்டு வரைஞ்சா வெறும் மண்ணுதேன் தெரியும்."

விழுங்கினார். திரைக்குள் நின்ற கொஞ்ச நேரத்தில் சிவப்பு வர்ணம் வண்டாய் ரீங்கரித்தது. மண் மார்பு ஏறி இறங்கியது. ஒரு பச்சைக்குள் நூறு பச்சை தெரிந்தது. இதுவரை வரைந்ததெல்லாம் குப்பை என்று மொக்கச்சாமி அழுதார். குமட்டியது, வெள்ளை குழைத்த கொட்டாங்கச்சியிலேயே வாந்தி எடுத்தார். அதுவும் தங்கமாய் மின்னியது. அதில் தூரிகையைத் தோய்த்துக் கண் திறந்தார்.

திரை விலகியது. குலவை போட வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள்.

"பாருடி, நம்மளையே பாக்குறாரு!" என்று மனைவி ஜக்கம்மாளிடம் சிரித்தார்.

"பாக்குறாரா? ஒரு கண்ணு கன்னத்துல கெடக்கு. இன்னொன்னுல நீ குடிச்ச கூழு ஒட்டிக்கெடக்கு. த்தூ!"

மத்தியானம் மயக்கம் தெளிந்தது. சாமியின் முகத்தில் ஈ மொய்த்தது. புளித்த நாற்றம். தன் விரலிடுக்கில் காய்ந்திருந்ததைப் பார்த்ததும் பூசாரியிடம் ஓடினார்.

"ஒரே ஒருவாட்டி அழிச்சு வரைஞ்சிர்றேன் சாமி."

"தொறந்த கண்ண அழிக்க நீ யாருய்யா? போ அங்கிட்டு!" என்றார் பூசாரி.

சிலையை ஓடைக்கரைப் புதரில் கவிழ்த்தார்கள். கோவில் வேலை போடிக்காரர் ஒருவருக்குப் போனது.

அடுத்த மாதம் பால்சாமி, "அளவு கூடிப்போச்சு மாமா, இந்தவாட்டி பாதி" என்று நீட்டினான். மொக்கச்சாமி அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார்.

"நான் பாத்த அழகுல ஒரு பொட்டுகூட என் கைக்கு வரலடா. கைக்கு வந்தது வாந்திதேன்."

வர்ணம் தொடுகிறவர், பாட்டுக் கட்டுகிறவர், கூத்தாடுகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்த நாற்றத்தையும் விடாமல் சொல்லுங்கள்.