நூலில் கட்டிய கனகாம்பரம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. தலைத்திதிக்கு வந்து எங்களோடு இலையில் அமர்ந்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறோம். "அம்மாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடும்மா, போதும்" என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். அம்மாவைப் பற்றி நல்லதைத் தவிர எழுத என்னிடம் எதுவும் இல்லை. மற்றவர்களைப் பற்றித்தான் இருக்கிறது.

அம்மா சீர்காழிப் பக்கம் பிறந்து, வெண்ணாற்றங்கரையில் உள்ள இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தார். அப்போது கொல்லையில் ஒரு கிணறும் அதைச் சுற்றி முள்ளும்தான் இருந்தனவாம். முள்ளை வெட்டி, சாம்பலும் சாணமும் கொட்டி, அம்மா அதைத் தோட்டமாக்கினார். சித்திரையில் மல்லிகை. ஆடியில் விதைத்த புடலும் பீர்க்கும் புரட்டாசி வரை. மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூ, தைப் பொங்கலுக்கு அவரை. மழை விட்டால் கனகாம்பரமும் டிசம்பர் பூவும். என்ன மாதம் என்று அறிய எங்கள் வீட்டில் யாரும் காலண்டரைப் பார்த்ததில்லை. குழம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆற்றில் தண்ணீர் வராமல் நடவே இல்லாமல் போன ஒரு வருடம், அப்பா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அம்மா வாழைப்பூவும் முருங்கைக்கீரையுமாகச் சமைத்து வைத்து, "வயல் ஏமாத்தினா என்னங்க, கொல்லை ஏமாத்தாது. எந்திரிச்சி சாப்பிடுங்க" என்றார். அந்த வருடம் முழுக்க எங்கள் வயிறு கொல்லையை நம்பித்தான் நிறைந்தது.

அப்பா போன பிறகு அம்மா பூ வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் சாமிக்கும் எங்கள் தலைக்கும் கட்டுவதை மட்டும் விடவில்லை. நனைத்த வாழைநாரில்தான் கட்டுவார். யாராவது நூலைக் கையில் எடுத்தால் போதும், "கொல்லை நெறைய வாழைய வெச்சிக்கிட்டு நூல்ல கட்டுறவளுக்கு சோம்பேறின்னு பேரு" என்பார். அண்ணிக்கும் அவர்தான் கற்றுக் கொடுத்தார். அண்ணி மாமியாரையே மிஞ்சும் அளவுக்கு நாரில் கட்டுவார்.

போன வருடம் ஐப்பசி மழையில், அவரைப் பந்தலடியில் அம்மா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என் வீடு அந்த ஊரிலேயே என்பதால் நான் கூடவே இருந்தேன். அம்மா வலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. "தை பொறக்கறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணும். மொத அவரைய நாந்தான் பறிக்கணும்" என்பதே பேச்சு.

அண்ணன் ஊரிலிருந்து தினமும் வருவார். வரும்போது ஒரு பொட்டலத்தில் கனகாம்பரம் இருக்கும். "கொல்லைல பூத்தது. அம்மாகிட்ட குடு" என்று வார்டு வாசலிலேயே என் கையில் தருவார். "கொல்லைப் பூம்மா" என்று நான் அம்மாவிடம் தருவேன். அம்மா அதைப் பிரித்து, பாதியைத் தலைமாட்டில் இருந்த அம்மன் படத்துக்குச் சாத்தி, மீதியைத் தன் கையாலேயே என் தலையில் வைத்துவிடுவார். "அவரை பூ விட்டுச்சா?" என்று கேட்பார். அண்ணன் சொன்னதை நான் சொல்வேன். "பந்தல் நெறைய பூவாம்மா."

மார்கழி முடியும் முன்பே, நெஞ்சில் சளி கட்டி அம்மா போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கக் கொல்லைக் கதவைத் திறந்தேன். கிணற்றடியிலிருந்து வேலி வரை ஒரே சிமெண்ட் தரை. வாழை இல்லை, முருங்கை இல்லை, பந்தல் இல்லை. ஒரு ஓரத்தில் அண்ணனின் கார் நின்றது.

"என்னண்ணே இது?"

"அம்மா திரும்பி வந்தா வழுக்கக் கூடாதுன்னுதாம்மா போட்டேன். வண்டி நிறுத்தவும் எடமாச்சு. ஆஸ்பத்திரில இருக்கறவங்ககிட்ட சொல்லி எதுக்கு அழ வெக்கணும்?"

"அப்ப அந்தப் பூ?"

"கடைத்தெருவுல வாங்கினதுதான்."

வழுக்கியது பந்தலடி ஒன்றுதான். வாழையும் கனகாம்பரமும் யாரையும் தள்ளிவிடவில்லை. வழுக்காத தரை என்று போட்ட அந்தத் தரையில்தான் அம்மாவைக் கிடத்திக் குளிப்பாட்டினோம்.

இதோடு முடிந்திருந்தால் நானும் அண்ணன் கேட்ட நாலு வார்த்தையை எழுதிவிட்டு இருந்திருப்பேன். பதினாறாம் நாள், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் ஒருவர் துக்கம் கேட்க வந்தார். கொல்லையைப் பார்த்ததும், "ஒங்கம்மா சொன்னது சரியாத்தான் இருக்கு" என்றார்.

"என்னங்க சொன்னாங்க?"

"மொத நாளே சொல்லிட்டாங்கம்மா. 'பூவ நூல்ல கட்டியிருக்கு பாருங்க. எம்மருமவ நூல்ல கட்டமாட்டா. நார் இல்லன்னா வாழைய வெட்டிட்டாங்க. வாழையே போச்சுன்னா கொல்லைல வேற என்ன இருக்கப் போவுது'ன்னாங்க."

"ஏங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"ஒங்களுக்கும் தெரியும்னு நெனச்சாங்க. 'ரெண்டும் பேசி வெச்சிக்கிட்டுதான் சொல்லுதுங்க. சொல்லிட்டுப் போவட்டும், எம்புள்ளைங்கதானே'ன்னாங்க."

கொல்லை போய்விட்டது என்று தெரிந்த பிறகும் அம்மா என்னிடம் தினமும் அவரையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நானாவது உண்மையைச் சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறார். நான் பந்தல் நிறையப் பூ என்றேன். டவுனில் நூல் பூவையே வைத்துப் பழகிய எனக்கு அந்த நூல் கண்ணில் படவே இல்லை. அண்ணன் என்னை ஏமாற்றியதைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொள்வேன். என் கையைக் கொண்டு அம்மாவை ஏமாற்றினார். அதைப் பொறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட செவிலியர்களுக்கும், பந்தல் போட்டு, சோறாக்கி, தோள் கொடுத்த தெருக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உண்மையைச் சொன்ன பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு நன்றி. ஒரு நாளும் தவறாமல் பூ வாங்கி வந்த அண்ணனுக்கும் நன்றி. பொய்யைக்கூட அவர் வாடவிடவில்லை.

படிக்கிற நீங்கள் எல்லோரும் சாட்சியாக இருக்கவேண்டும் என்றுதான் இதை அச்சில் ஏற்றச் சொன்னேன். அம்மா, எனக்குத் தெரியாதும்மா. கொல்லைப் பூன்னு நம்பித்தாம்மா ஒங்கையில குடுத்தேன்.