ஹமீது அண்ணன் ஏற்காத கையெழுத்துகள்

மார்கரெட் எனக்கு போன் செய்ததே கிடையாது. எங்கள் பகுதி கவுன்சிலின் தலைவி அவர், எதுவானாலும் ஈமெயில்தான். அதனால் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மாலை, டேகேர் வாசலில் காரில் சின்னவனுக்கு பெல்ட் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் பெயர் போனில் தெரிந்ததுமே எனக்குப் பயமாகிவிட்டது. நான் எதற்கும் முதலில் பயப்படுகிறவள்தான். ஆனால் அன்று பயந்தது சரியாகப் போய்விட்டது. "ஹமீது இறந்துவிட்டார். காலையில், ஆபீஸில். மாரடைப்பு" என்றார். பின் சீட்டிலிருந்து என் மகள் அனன்யா, "அம்மா, ஒய் ஆர் வீ நாட் கோயிங்?" என்று இரண்டு முறை கேட்டாள்.

இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். நம் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதித் தரச் சொல்லி மாதக்கணக்காகிறது. பிள்ளைகளைச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உண்மையான காரணம் வேறு. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று என்னிடம் பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது என்று தெரிந்ததால்தான் எழுதவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைப் பெருநாள் விருந்தில் தெரியும். காயல்பட்டினத்துக்காரர், பார்சிப்பனியில் டேட்டாபேஸ் வேலை, இரண்டு பெண்களையும் காலேஜுக்கு அனுப்பிவிட்டவர், ஐசலின் இந்தியக் கடைகளில் ஒவ்வொரு மாம்பழமாக முகர்ந்து பார்த்து கடைக்காரரை நோகடிக்கிறவர். எனக்குத் தெரிந்த ஹமீது அண்ணன், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். அந்தக் கவுன்சிலில் ஏழு பேர். சம்பளம் கிடையாது, அதிகாரமும் பெரிதாகக் கிடையாது. உதிர்ந்த இலைகளை அள்ள லாரி எப்போது வரும், நடைபாதைப் பனியை யார் தள்ள வேண்டும், பூங்காவில் நாயை அவிழ்த்து விடலாமா, உடைந்த பெஞ்சுக்கு யாரைக் கேட்பது என்று கேட்டு, பேசி, டவுன்ஷிப் நிர்வாகத்துக்கு எழுதிப் போட வேண்டியது. அவ்வளவுதான். நம் ஆட்களில் அங்கே போன ஒரே மனிதர் அவர்.

அனன்யாவின் நான்காவது பிறந்தநாளுக்கு அவரையும் ஆயிஷா அக்காவையும் கூப்பிட்டிருந்தோம். அக்கா உள்ளே வந்துவிட்டார். அண்ணனைக் காணவில்லை. கதவைத் திறந்து பார்த்தால், எதிர் நடைபாதையில் ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, கேக் வெட்டப் போறோம், வாங்க!"

"வெட்டுங்கம்மா. இங்க விளக்கு எரியலை, கம்பத்து நம்பரைக் குறிச்சுக்கிறேன். நம்பர் சொல்லலைன்னா கரண்ட் கம்பெனிக்காரன் வரவே மாட்டான்."

ஆயிஷா அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "எங்க நிக்காஹ் அன்னிக்கு அந்தத் தெருவுல விளக்கெல்லாம் எரிஞ்சுது. இல்லைன்னா மாப்பிள்ளை மண்டபத்துக்கே வந்திருக்க மாட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் விளக்கு எரிந்தது.

மறு வருடம் அனன்யா கிண்டர்கார்டன் போக ஆரம்பித்தாள். பஸ் எங்கள் தெரு முனைக்கு வரும். ஹைவே சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாதவர்கள் எல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் குறுக்கே பறப்பார்கள். செப்டம்பரில் ஒரு காலை, சின்னவனின் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு அவள் கையைப் பிடித்தபடி நான் இறங்கியபோது ஒரு வேன் வளைவில் வந்தது. அதன் பக்கக் கண்ணாடி ஸ்ட்ரோலரின் கைப்பிடியைத் தட்டிவிட்டுப் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் எழும்போதே எனக்கு அந்த முனைதான். அங்கே எல்லாப் பக்கமும் ஸ்டாப் போர்டு வேண்டும் என்று ஹமீது அண்ணனிடம் கேட்டேன். அந்தப் பகுதியில் குடியிருக்கும் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று வேண்டும் என்றார். சிட்டிசனாக இருக்க வேண்டியதில்லை, குடியிருந்தால் போதும். "ஆளுக்கு ஒரு கையெழுத்து. அவங்கவங்க கையால" என்று அழுத்திச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

அந்த வருடம் நவராத்திரியும் நோன்பும் ஒன்றாக வந்தன. எங்கள் வீட்டில் கொலு. மனுவைச் சுண்டல் கிண்ணங்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். வருகிற பெண்கள் குங்குமம் எடுத்துக்கொண்டு, தேங்காய் வாங்கிக்கொண்டு, கையோடு கையெழுத்தும் போட்டார்கள். தன்னுடையது ஒன்று, வீட்டுக்காரருடையது ஒன்று, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியாருக்கு ஆளுக்கு ஒன்று. மைதிலி போன்றவர்கள் வீட்டில் நேர்மாறு. மைதிலி எங்களுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கிறவள். "இவர் ஆபீஸ்லேருந்து வந்ததும் எனக்கும் சேர்த்து அவரே போட்டுடுவார்" என்று ஒரு தாளை வீட்டுக்கே வாங்கிக்கொண்டு போனாள். என் கணவரின் கையெழுத்தை நானே போட்டேன். இதில் தப்பு என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூட ஃபாரம், வாடகைப் பத்திரம், கூரியர் எல்லாவற்றுக்கும் குடும்பத்தில் கைக்குக் கிடைக்கிற ஆள் போடுவதுதானே வழக்கம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அந்தத் தாள்களை மார்கரெட்டின் மேஜையில் பெருமையோடு வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்து, "அற்புதம்" என்றார். அப்போது ஹமீது அண்ணன் கையைத் தூக்கினார். இங்கிலீஷில், மெதுவாக, "இதில் ஒரே கையால் போட்ட கையெழுத்துகள் பல இருக்கின்றன. இந்த மனுவை நான் ஏற்க முடியாது" என்றார். மார்கரெட் என்னைப் பார்த்தார். "எல்லாரும் ஒரே குடும்பங்கள்தான்" என்று ஏதோ உளறினேன். முனை வீட்டுக்காரர், தன் வாசலில் கார்கள் பிரேக் போட்டு நிற்குமே என்று இந்தப் போர்டையே வேண்டாம் என்றவர், முன் வரிசையில் சத்தமாகச் சிரித்தார். மனு தள்ளுபடியானது.

வெளியே பார்க்கிங்கில் அவரை மறித்துக்கொண்டேன்.

"ஏன் அண்ணே, எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கே அப்பத்தானேம்மா தாளைக் காட்டினீங்க. முன்னாடி உக்காந்திருந்தவர் நாளைக்கே வீடு வீடாப் போய்க் கேட்பார். அப்பக் கண்டுபிடிச்சா என்ன ஆகும்? உங்க பேர்ல தப்பு வந்தா அது தப்பு. என் பேர்ல வந்தா அது கேஸ்."

அந்த வார்த்தை என் காதில் ஏறவில்லை. எனக்கு வேனின் கண்ணாடிதான் கண்ணில் நின்றது. "உங்க பொண்ணுங்க ரெண்டும் காலேஜ் போயிட்டாங்க. உங்களுக்கு எந்தக் குழந்தை அடிபட்டா என்ன?" என்றேன்.

அவர் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் போய்விட்டேன்.

பதினோரு நாள் பேசவில்லை. சனிக்கிழமை காலை, நசநசவென்று மழை. அழைப்பு மணி அடித்தது. குடையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வெற்றுத் தாள்களுமாக நின்றார். "சின்னவனை எங்க வீட்டுல விடுங்க, ஆயிஷா பாத்துக்குவா. அனன்யாவையும்தான். மதியத்துக்குள்ள ரெண்டு தெரு முடிச்சுடலாம்" என்றார். நான் பழையதை எடுக்கப் பார்த்தேன். "அண்ணே, அன்னிக்கு நான்..." என்றதுமே, "முதல்ல எந்த வீடு?" என்று தாளைப் பிரித்துவிட்டார்.

நான்கு சனிக்கிழமை நடந்தோம். முதல் இரண்டும் நோன்பு. நம் வீடுகளிலெல்லாம் காபி வேண்டாம் என்று சொல்லியே அவருக்கு வாய் உலர்ந்திருக்கும். மைதிலி வீட்டில் அவள் கணவர் வாசலிலேயே பேனாவை வாங்கி இரண்டு இடத்திலும் போடப் போனார். அண்ணன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்களுது போதும் தம்பி. அவங்களுதை அவங்க போடட்டும்." மைதிலி அடுப்பை அணைத்துவிட்டுக் கை துடைத்தபடி வந்தாள். "என் கையெழுத்தா? இந்த ஊருக்கு வந்து மூணு வருஷத்துல யாருமே கேட்டதில்லையே" என்று சிரித்தாள். பேனாவை வாங்கியவள் கொஞ்சம் யோசித்தாள். அண்ணன் அவசரப்படுத்தவில்லை. "அந்த ரோட்டைத் தினம் தாண்டுறது நீங்கதானே?" என்றார். அவள் எழுத்து எழுத்தாகப் போட்டாள். நானும் அவளைப் போலத்தான், கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள், எம்.எஸ்ஸி படித்தவள். எனக்கும் யாரும் பேனா நீட்டியதில்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

இன்னொன்றையும் அந்த நடையில்தான் பார்த்தேன். முதல் நாள் ஒரு வீட்டில் அவர் மணி அடித்தார். ஜன்னல் திரை விலகியது. ஒரு முகம் அவரைப் பார்த்தது, தாடியைப் பார்த்தது. திரை மூடிக்கொண்டது. கதவு திறக்கவில்லை. அடுத்த வீட்டில், "நீங்க அடிங்கம்மா, நான் கீழே நிக்கிறேன்" என்று படியிறங்கி டிரைவ்வேயில் நின்றுகொண்டார். அந்தக் கதவு திறந்தது. அதற்குப் பிறகு நமக்குத் தெரியாத வீடுகளிலெல்லாம் அப்படித்தான். பெண் கேட்டால் சீக்கிரம் போடுவார்கள் என்று நினைக்கிறார் போல என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். நாலைந்து வீடு ஆன பிறகுதான், பார்க்கிங்கில் அவர் சொன்ன 'கேஸ்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். மழையில், இரண்டு கையும் வெளியே தெரியும்படி, குடையை ஒன்றிலும் தாளை ஒன்றிலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இந்தத் தெருவின் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தின் நம்பரும் தெரிந்த மனிதர்.

அந்த மனு நவம்பர் கூட்டத்தில் ஏற்கப்பட்டது. முனை வீட்டுக்காரர் உண்மையாகவே நான்கைந்து வீடுகளில் விசாரித்தாராம். ஒரு கையெழுத்துகூடத் தவறவில்லை. பிறகு டவுன்ஷிப்பிலிருந்து வந்து வண்டிகளை எண்ணினார்கள். பதில் வரும் வரும் என்று காத்திருந்தபோதுதான் பிப்ரவரி வந்தது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ஆயிஷா அக்காவைப் பார்க்கப் போனேன். அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. பார்க்கிங்கில் நான் பேசியதை அப்படியே சொல்லி அழுதேன். 'அவங்க அதையெல்லாம் மனசுல வச்சுக்கலை' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அக்கா அப்படிச் சொல்லவில்லை.

"சொன்னாங்கம்மா. அன்னிக்கு ராத்திரி, விடியறதுக்கு முந்தி சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினேன், வேணாம்னுட்டாங்க. தண்ணியை மட்டும் குடிச்சுட்டு நோன்பு வச்சாங்க" என்றார். பிறகு, "அடுத்த நாளே தாள் பிரிண்ட் எடுத்துட்டாங்க. உங்க வீட்டுக்கு வரத்தான் அத்தனை நாள் ஆச்சு" என்றார்.

மே மாதம் போர்டு வைத்தார்கள். காலையில் நான்கு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன. நானும் நிற்கிறேன், இன்னும் பயந்துகொண்டுதான். கவுன்சிலில் அவர் இடம் காலியாக இருக்கக் கூடாது, நீங்கள் வர முடியுமா என்று மார்கரெட் கேட்டபோது ஒத்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில் நானும் தாள்களோடு போகிறேன், இலை லாரிக்கும் பெஞ்சுக்கும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான், அவர் பெயர். எந்தக் கதவு திறந்தாலும், "நான் ஹமீதின் இடத்தில் வந்திருக்கிறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறேன். என் பெயர் அதற்கு அப்புறம். சிலர் அவரைத் தெரியும் என்கிறார்கள். சிலர் யார் அது என்று கேட்கிறார்கள். கேட்டால், அந்தப் படியிலேயே நின்று சொல்கிறேன்.