கதிரையில் இருந்தபடி குத்துச்சண்டை

என் பொய்க்கால் ஒரு வருடத்துக்கு மேலாக அலுமாரிக்குள் கிடந்தது. வலது முழங்காலுக்குக் கீழே போடுகிற கால். என் சொந்தக் கால் எப்படிப் போனது என்ற கதையை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அப்படி ஒரு கதை இருக்கிறது, சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் அலுத்துவிட்டது. இது அதற்கு நெடுங்காலத்துக்குப் பிறகு நடந்தது. பொய்க்கால் உரசி ஒரு புண் வந்தது. ஆறும்வரை கழற்றி வைத்தேன். பள்ளிக்கூட விடுமுறை வேறு. எங்கள் ஊர் வட்டக்கச்சியில் அப்போதுதான் அறுவடை முடிந்திருந்தது. புது அரிசிச் சோற்றை இருந்த இடத்திலேயே இருந்து மூன்று வேளையும் சாப்பிட்டேன். புண் ஆறியது, உடம்பு பெருத்தது. திரும்பப் போடப் பார்த்தால் கால் ஏறவில்லை.

ஊன்றுகோல் இரண்டையும் ஊன்றிக்கொண்டு, கால் செய்து தருகிற இடத்துக்கு ஓட்டோ பிடித்துப் போய்ச் சண்டை பிடித்தேன். கால் சுருங்கிவிட்டது என்று வாதாடினேன். நான் கணக்கு வாத்தியார், இலேசில் விடமாட்டேன். அங்கே வேலை செய்பவர் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"மாஸ்ரர், கால் அப்பிடியேதான் இருக்கு. நீங்கள்தான் பெருத்திட்டியள். ஒரு எட்டுக் கிலோ குறைச்சுக்கொண்டு வாங்கோ. புதுக்கால் செய்து தந்தாலும், இப்பிடியே பெருத்துக்கொண்டு போனால் அதுவும் ஏறாது."

உடம்பு குறைய நடக்க வேண்டும். நடக்கக் கால் வேண்டும். கால் ஏற உடம்பு குறைய வேண்டும். கரும்பலகையில் எத்தனையோ கணக்குச் செய்து காட்டியிருக்கிறேன், இது மட்டும் எந்த வழியால் போனாலும் தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அதை மனைவி மேல்தான் காட்டினேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த வருடம் மனைவியின் தம்பி கனடாவில் இருந்து லீவுக்கு வந்தபோது, ஒரு பெட்டியில் ரீவியில் கொழுவி விளையாடுகிற கேம் ஒன்றைக் கொண்டுவந்தார். கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வீச வேண்டும். நாங்கள் கையை வீசினால் ரீவிக்குள் இருக்கிற ஆளும் வீசுவான்.

"அத்தான், பிள்ளையள் இப்ப உதைத் தொடுறதே இல்லை. நீங்கள் விளையாடிப் பாருங்கோ, நல்லா வேர்க்கும்" என்றார்.

சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்று முகத்தைச் சுளித்தேன். ஆனாலும் அவர் கிணற்றடிக்குக் குளிக்கப் போனதும் பொறுக்க முடியாமல் நானே எடுத்துச் சுவரில் கொழுவினேன். அந்த நாட்டு மின்சாரம் எங்களுடையதில் பாதி என்பது படித்த எனக்குத் தெரியாததல்ல, அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகல் மணம். தலையைத் துவட்டிக்கொண்டு வந்த மச்சான் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர், முதலில் வயரைத்தான் கழற்றினார். கேம் தப்பிவிட்டது, மின்சாரம் கொடுக்கிற பெட்டி மட்டும்தான் எரிந்தது. ரவுணில் ரேடியோ திருத்துகிறவர் வேறொன்று பொருத்தித் தர ஒரு கிழமை ஆயிற்று.

ரீவிக்குள் எனக்கென்று ஒரு ஆளை மனைவிதான் செய்தாள். மூக்கைப் பெரிதாக்கினாள், முன்மண்டையில் மயிரைக் குறைத்தாள். என்னை அப்படியே உரித்து வைத்துவிட்டாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த ஆளுக்கு இரண்டு காலும் இருந்தன.

கேமோடு நிறை பார்க்கிற பலகை ஒன்றும் வந்திருந்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறினேன். இரண்டு காலிலும் சமமாக நில்லுங்கள் என்று ரீவியில் எழுத்து வந்தது.

"எந்த ரெண்டு காலிலையடா?" என்று ரீவியைப் பார்த்துக் கத்தினேன். பலகை அன்றைக்கே கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

டெனிஸ் சரிவரவில்லை, பந்து உருட்டுவதில் வேர்க்கவில்லை. குத்துச்சண்டைதான் பிடித்தது. அதற்கு எழும்பி நிற்கத் தேவையில்லை, கதிரையில் இருந்தபடியே இரண்டு கையாலும் குத்தலாம். பள்ளிக்கூடத்தால் வந்து, தேத்தண்ணி குடித்து, நாலு மணிக்குத் தொடங்கினால் மூன்று ஆட்டம். முதல் கிழமை தோள் இரண்டும் கழன்று விழுவது மாதிரி வலித்தது. பிறகு பழகிவிட்டது. சோற்றை மனைவி பாதியாக்கினாள். அதற்கும் சண்டை பிடித்தேன்.

நான் குத்துவதைவிட அவள் போடும் சத்தம்தான் பெரிது. பள்ளிக்கூடத்தில் ஒருவரோடும் உரத்துப் பேசாத, அமைதியான சங்கீத ரீச்சர் அவள்.

"அடியுங்கோ! விடாதேங்கோ! மூஞ்சையைப் பார்த்துக் குடுங்கோ! ஐயோ, எழும்புறான், எழும்ப விடாதேங்கோ!"

ஒருநாள் இப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போது கதவு படாரென்று திறந்தது. பக்கத்து வீட்டு அக்கா கையில் விறகுக் கட்டையோடு நின்றா. மூச்சு வாங்கியது.

"எங்கை கள்ளன்? பிடிச்சிட்டியளோ?"

நான் பெனியனோடு, வேர்த்து ஒழுகி, கதிரையில் இருந்து காற்றைக் குத்திக்கொண்டிருந்தேன். மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடிவிட்டாள். அக்கா என்னையும் பார்த்து ரீவியையும் பார்த்தா. கட்டையைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு நிலத்தில் இருந்தா.

"ஆர் வெல்லுறது, மாஸ்ரர்?"

அதற்குப் பிறகு பின்னேரங்களில் அக்காவும் வந்து இருந்தா. அவவின் வாய் வழியாகச் செய்தி பள்ளிக்கூடம் வரை போனது. கடைசி வாங்குப் பெடியள் என்னைக் கண்டால் கையால் முகத்தை மறைத்து, குத்துக்குத் தயாராவது மாதிரி நின்றார்கள். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன், சிரிப்பு முந்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குளித்து வந்ததும் மனைவி அலுமாரியைத் திறந்து பொய்க்காலைக் கொண்டுவருவாள். உறையைப் போட்டு மெல்ல நுழைப்பேன். அடிவரை போகாது. இன்னும் எவ்வளவு போக வேண்டும் என்று விரலை வைத்துப் பார்ப்போம். முதலில் நாலு விரல் இடைவெளி. இரண்டு மாதம் கழித்து மூன்று. பிறகு நெடுநாள் மூன்றிலேயே நின்றது. அந்த ஞாயிறுகளில் நான் யாரோடும் கதைக்கமாட்டேன். அவள் காலைத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, "பின்னேரம் அடிப்பம்" என்பாள். அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு ஞாயிறு கால் அடிவரை போய் இருந்தது. வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு எழும்பினேன். குசினி வரை போனேன், திரும்பி வந்தேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவள் அழவில்லை. இன்னொருக்கால் நடவுங்கோ, இன்னொருக்கால் நடவுங்கோ என்று நாலைந்து தரம் நடக்கவைத்துப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை விடிய எழும்பி வந்தால், அவள் சீலை உடுத்துப் பையும் கட்டி நின்றாள்.

"நான் வவுனியாவுக்குப் போட்டு நாளைக்கு வாறன். என்ரை அக்கா வீட்டை."

"இப்ப என்ன அவசரம் உமக்கு?" என்றேன், பழைய குரலில்.

"அவசரமோ? அக்காவின்ரை பேரப்பிள்ளைக்கு ஒன்பது மாசமாச்சு. நான் இன்னும் நேரிலை பார்க்கேல்லை."

பிள்ளை பிறந்தது எனக்குத் தெரியும். போனில் படங்களும் பார்த்தேன். நீர் ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று ஒருநாள்கூட நான் கேட்கவில்லை. இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருக்கிறவனால் குசினியில் இருந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணியைத் தூக்கிவர முடியாது. ஒரு வருடத்துக்கு மேலாக அவள் ஓர் இரவுகூட வேறெங்கும் தங்கவில்லை. ஆட்டத்தை எண்ணினேன், விரலை எண்ணினேன், இதை எண்ணவில்லை. வெட்கமாக இருந்தது.

பஸ் எடுக்கும் சந்தி வரை நடந்தோம். அவளுடைய பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். கிளிநொச்சி பஸ் வந்தது, அங்கே இறங்கித்தான் வவுனியா பஸ் எடுக்க வேண்டும். ஏறி, யன்னலோரம் இருந்து, தலையை வெளியே நீட்டினாள்.

"இஞ்சேருங்கோ, நான் இல்லையெண்டு பின்னேரம் விளையாடாமல் இருந்திடாதேங்கோ. உந்தக் கால் திரும்ப இறுகினால் நான் ஒரு இடமும் போகேலாது."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பஸ் போய்விட்டது. அன்று பின்னேரம், சத்தம் போட ஆள் இல்லாத வீட்டில், மூன்று ஆட்டத்துக்குப் பதிலாக ஆறு ஆட்டம் அடித்தேன்.