புல்லுக்கு அடித்த மருந்து

இலஞ்சிப் பக்கம் என் மகன் புதிதாக வீடு கட்டியிருக்கிறான். முன்னால் கொஞ்சம் புல்தரை. போன வாரம் தோட்ட வேலைக்கு வருகிற அண்ணாச்சி, புல்லுக்குள் இருந்த ஓர் இலையைச் செல்போனில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், க்ளோவர்னு ஒரு களையாம்லா. நல்லா பரவிட்டு. களைக்கொல்லி கையிலயே இருக்கு, அடிச்சு விட்டுருதேன்" என்றார்.

"அடிக்காதேயும்!" என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த மருமகள் கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். முப்பது வருஷம் வகுப்பில் கத்திப் பழகிய தொண்டைதான். ஆனாலும் அது வகுப்புச் சத்தம் இல்லை. எனக்கே புதிதாக இருந்தது.

க்ளோவராவது மண்ணாவது. அது புளியாரை. மூன்று இலை, சின்ன மஞ்சள் பூ, வெண்டைக்காயின் குட்டி மாதிரி ஒரு காய். முற்றியதைத் தொட்டால் வெடித்து விதையைத் தூர எறியும். செங்கோட்டை தாண்டினால் புளியரை என்று ஓர் ஊர்கூட இருக்கிறது. இந்தச் செடிக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. வகுப்பில் எந்தப் பிள்ளையாவது கேட்டிருந்தால் உண்டு என்று சாதித்திருப்பேன்.

குனிந்து ஓர் இலையைக் கிள்ளி நசுக்கினேன். அந்தப் புளிப்பு வாடைக்கு அம்மாவின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்பாதான் வந்தார், காக்கி உடுப்போடு.

அப்பா போலீஸில் எஸ்.ஐ. ஒரு வருஷம் சீசனில் குற்றாலத்தில் பந்தோபஸ்து. பெரிய அதிகாரி ஒருவர் தங்கியிருந்த பங்களா வாசலில் நாள் முழுக்க நின்றிருக்கிறார். அங்கே பாய் விரித்தாற்போல் புல்தரை. அதிகாரி வெறுங்காலோடு அதில் நடந்துகொண்டே காப்பி குடித்தாராம். அந்தக் காட்சி அப்பாவின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

தென்காசியில் எங்கள் வீட்டுக்கு முன்னால் வெறும் மண் முற்றம். அம்மா அதில் வத்தல் காயப்போடுவாள், ஓரத்தில் கனகாம்பரம் வைத்திருந்தாள். ஒரே நாளில் அத்தனையையும் கொத்தி எடுத்துவிட்டு அப்பா கொரியன் புல் பதித்தார். "வீடுன்னா அப்படி இருக்கணும்ட்டி" என்றார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஸ்டேஷனில்தான் கேள்வி கேட்பார்.

குற்றாலத்துப் புல்லுக்குச் சாரல் தண்ணீர் ஊற்றும். எங்கள் வீட்டுக்கு அதே மலையின் காற்று மட்டும்தான் வரும், ஈரம் வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே சாரலின் வேலையை அம்மா பார்த்தாள். கிணற்றிலிருந்து இறைத்து, இடுப்பில் சுமந்து, காலையும் மாலையும். நானும் தம்பியும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புல்லுக்குள் குந்தி உட்கார்ந்து புளியாரையைப் பிடுங்க வேண்டும். வீட்டு வேலைக்கு ஆர்டர்லி வைத்துக்கொள்கிற அளவுக்கு அப்பாவின் பதவி பெரிதில்லை. ஆர்டர்லி நாங்கள்தான். இவ்வளவுக்கும் அந்தப் புல்லில் யாரும் கால் வைக்கக் கூடாது. அந்த அதிகாரி என்றாவது வீட்டுக்கு வருவார் என்று அப்பாவுக்கு ஒரு நினைப்பு இருந்தது. அவர் வரவே இல்லை.

புளியாரை வந்தது. இழுத்தால் தண்டு கையோடு வரும், வேர் மண்ணில் நின்றுகொள்ளும். கணுவுக்குக் கணு வேர். அம்மா மட்டும் அதைத் திட்டவில்லை. பிடுங்கியதை மடியில் கட்டிக்கொண்டு போய், மிளகாய் வத்தலும் உளுந்தும் பூண்டும் வறுத்து வைத்து, துவையல் அரைப்பாள். அந்தத் துவையல் இருந்தால் தம்பி குழம்பு கேட்க மாட்டான். அந்தப் புல்தரையால் எங்களுக்குக் கிடைத்த ஒரே பிரயோஜனம் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா காலையிலேயே டியூட்டிக்குப் போய்விட்டு மத்தியானம் வெயிலோடு வந்தார். நானும் தம்பியும் அதற்கு முன்பே சாப்பிட்டு எழுந்திருந்தோம். அம்மா அவருக்குச் சோறு வைத்து, பக்கத்தில் துவையலை வைத்தாள். அப்பா கையை நீட்டியவர் நிறுத்தினார்.

"இது எங்கன பறிச்சது?"

"நம்ம புல்லுலதான்."

"அதுல விடியக்காலம் மருந்து அடிச்சிருக்கேன்லா."

புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த சிநேகிதர் ஒருவர் களைக்கொல்லி பாட்டில் கொடுத்திருக்கிறார். நாங்கள் எழுந்திருக்கும் முன்பே அடித்துவிட்டு, பாட்டிலைக் குளியலறைக்குப் பின்னால் ஒளித்தாற்போல் வைத்துவிட்டு, எங்களிடம் ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டார். நாங்கள் அதைப் பறித்துத் தின்கிறோம் என்பது ஊருக்கே தெரியும்.

"பிள்ளைக தின்னுட்டுதே" என்றாள் அம்மா.

அப்பா அடுத்துக் கேட்டதை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என்னால் செரிக்க முடிந்ததில்லை. "பூராத்தையும் பறிச்சிட்டியா? வேர் வரைக்கும் மருந்து இறங்கணும்லா" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி முற்றத்தில் குனிந்து வாந்தி எடுத்தான். மருந்தாலா பயத்தாலா தெரியாது. அம்மா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"கழுவித்தானே அரைச்ச? ஒண்ணும் ஆவாது. ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸும்பான். கேஸுன்னா என் ஸ்டேஷனுக்குத்தான் வரும். எனக்கு அசிங்கம்."

அம்மா அவரை அண்ணாந்து பார்த்தாள். அவரிடம் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. "தள்ளுங்க" என்றாள். அவர் தள்ளி நின்றார். அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். அம்மா குளியலறைக்குப் பின்னால் போய்த் தேடிப் பாட்டிலை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இது சாருக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"அவருதான் அடிச்சாரு" என்றாள் அம்மா, வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

சாயங்காலம் வரை எங்களைப் படுக்க வைத்திருந்தார்கள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதையே அப்பா பிறகு தன் கட்சிக்கு ஆதாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அம்மா வாளியைக் கொண்டுபோய் அவர் நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். "உங்க புல்லுக்கு இனிமே நீங்களே ஊத்துங்க." அவர் ஊற்றவில்லை. மருந்து புளியாரையோடு நிற்காமல் புல்லையும் திட்டுத்திட்டாகக் கருக்கியிருந்தது. மிச்சத்தை வெயில் முடித்தது. "இந்த ஊர்த் தண்ணிக்குக் கொரியன் புல்லு வராது" என்று எல்லோரிடமும் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அம்மாவும் அதற்காகக் காத்திருந்த மாதிரித் தெரியவில்லை. நான் காத்திருந்தேன். கல்யாணமாகிப் போன பிறகும், ஊருக்கு வரும்போதெல்லாம், இந்தத் தடவை சொல்வார் என்று காத்திருந்தேன்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவளுக்குப் பச்சைன்னா உசுரு. புல்லுத்தரை வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. நானே கொத்தி, நானே பதிச்சுக் குடுத்தேன். அதுலயே உக்காந்துகிட்டு இருப்பா."

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். "உக்காந்துதான் இருந்தா, களை பிடுங்கிக்கிட்டு" என்றேன். "அந்தப் புல்லை வச்சது நீங்க. அதுல மருந்தை அடிச்சு எங்களைத் திங்க விட்டதும் நீங்க. கேஸ் வரும்னு வாசல மறிச்சதும் நீங்க." பெரியம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா முழுதும் கேட்டார். பொய் சொல்கிறவரின் முகத்தை எனக்குத் தெரியும், வாழ்க்கை முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்தவள். அது அந்த முகம் இல்லை, நிஜமாகவே மறந்துபோனவரின் முகம்.

"அப்படியா?" என்றார். "யாரு வீட்டுல?"

வீட்டை விற்றாயிற்று. முற்றம் இருந்த இடத்தில் இப்போது ஒரு மருந்துக் கடையின் படிக்கட்டு. அப்பா தம்பி வீட்டில் இருக்கிறார், நேரத்துக்குச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். நான் இத்தனை காலம் கோபத்தைச் சேர்த்து வைத்திருந்த மனிதர் மட்டும் அங்கே இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விட்டார்.