திருவிழா வரியில் நான் சொருகிய பிரிவு

நாடாளுமன்றத்தைத் திட்டுவதற்கென்று எனக்கு ஒரு நாற்காலி உண்டு. எங்கள் மலையூரான கம்போங் ராஜாவில் பாய் கடையில், வாசலை ஒட்டிய மேசை. காய்கறி லோரிக்காரர்களுக்கும் பூத்தோட்டக்காரர்களுக்கும் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் நிதி மசோதா பற்றிப் பேச எனக்குத்தான் உரிமை என்று நானே முடிவு செய்துகொண்டிருக்கிறேன். வருஷா வருஷம் அது வரும்போது ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே ஆரம்பித்துவிடுவேன்.

"தலைப்புல வரின்னு போடுறானுங்க. உள்ள பிரிச்சுப் பாத்தா மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. சம்பந்தமே இல்லாத நாலு சட்டத்தோட வால ஒட்ட வச்சிருக்கானுங்க லா. படிச்சுப் பாக்க நேரமும் குடுக்கறதில்ல. சாயங்காலத்துக்குள்ள கை தூக்குன்னா, அவனுங்களும் தூக்கிடுறானுங்க."

பாய் கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "நீங்க ஒருவாட்டி எழுதிப் பாருங்க கிராணி, அப்பத் தெரியும்."

கிராணி என்றால் எஸ்டேட் குமாஸ்தா. எஸ்டேட் ஆபீசில் நான் ஒரு நாளும் வேலை செய்தது கிடையாது. ஆனால் சட்டைப் பையில் இரண்டு பேனா இருப்பதால் என்னைக் கிராணி என்று கூப்பிடுகிறார்கள். கிண்டல்தான். எனக்கு அது பிடிக்கும் என்பதுதான் வெட்கக்கேடு.

போன வருஷம் எங்கள் தேயிலை எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குச் செயலாளர் ஆனேன். போட்டி இல்லை. நோட்டீஸ் அடிக்க ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். வந்ததும் முதல் வேலை திருவிழா வரி. ஒவ்வொரு குடும்பமும் இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கட்டுவது எங்கள் வழக்கம். பூ, மேளம், அன்னதானம் எல்லாம் விலை ஏறிவிட்டதால் வரியையும் ஏற்ற வேண்டும். ஒரே ஒரு வாக்கியத்தில் எழுதிவிடக்கூடிய தீர்மானம். நாக்கைக் கடித்துக்கொண்டு அதை மட்டும் எழுதியிருந்தால் நான் மனிதன்.

எனக்குச் சட்டம் எழுத ஆசை வந்துவிட்டது. பிரிவு ஒன்று, பிரிவு இரண்டு என்று எண் போட்டேன். கூட்டம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழை கொட்டுகிறது. மடைப்பள்ளியில் சாம்பார் தாளிக்கிற வாசனை. தலைவர் எழுந்து, "வரி விஷயமாத்தான் கூட்டம். வேற யாருக்காச்சும் ஏதாச்சும் இருந்தா அதோடயே சேத்துக்கலாம், திரும்பத் திரும்பக் கூட வேணாம்" என்றார். அணைக்கட்டைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

பொருளாளர் பக்கத்து ஊர் திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கிறவர். கோயில் வாசலில் காய்கறி லோரி நிறுத்தக் கூடாது என்றார். நாலாம் பிரிவு. இன்னொருவர், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கோழிகள் கோயில் வளாகத்துக்குள் வந்தால் வளர்ப்பவர்தான் பொறுப்பு என்றார். அதற்கும் வரிக்கும் என்ன உறவு என்று நான் கேட்கவில்லை. எழுதினேன். சாவு வீட்டுக்குக் கோயில் நாற்காலி இரவல் கொடுப்பது, மைக்கில் யார் பேசலாம், வாசலில் வாழை மரம் யார் கட்டுவது. எல்லாம் வரித் தீர்மானத்துக்குள் போயிற்று. ரதத்தை இழுக்கும் லோரி ஓட்டுகிறவர் எழுந்தார். "வரி கட்டாத வீட்டுக்காரங்கதான் ரொம்ப நேரம் ரதத்த நிறுத்தச் சொல்றாங்க அண்ணே. மலையில கிளட்ச் தேயுது" என்றார். நியாயம்தானே? வரி கட்டிய வீட்டு வாசலில் மட்டுமே ரதம் நிற்கும் என்று ஒன்பதாம் பிரிவாகப் போட்டேன்.

மூன்றாம் பிரிவை நான் வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தேன். கணவன் இல்லாத பெண்களின் வீட்டுக்கு வரி விலக்கு. அதை எழுதும்போது என் மனத்தில் இருந்தது என் அக்கா. கொழுந்து பறித்தே முழங்கால் இரண்டும் போனவள். மாமா இறந்த பிறகு கீழ் லயத்தில் தனியாக இருக்கிறாள். அவளுக்கு ஒரு நல்லது செய்ய வேண்டும் என்று எனக்கு எப்போதுமே எண்ணம் உண்டு. கைக்காசு போகாமல் செய்கிற நல்லது என்றால் இன்னும் விசேஷம்.

"சாப்பாடு ரெடி" என்று மடைப்பள்ளியிலிருந்து குரல் வந்தது. "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார் தலைவர். நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். "நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும் லா" என்று யாரோ சொல்ல, நான் பூரித்துப் போனேன். அத்தனை கையும் தூக்கியாயிற்று. பாதிப் பேர் தூக்கின கையோடு செருப்பைத் தேடிப் போய்விட்டார்கள். நானும் இரண்டாவது பந்திக்குள் இடம் பிடித்துவிட்டேன்.

அக்காவுக்கு அந்த நாட்களில் வேறு கவலை. ஈப்போவில் கட்டிக்கொடுத்த அவள் மகளுக்கு வெகு காலம் குழந்தை இல்லை. அக்கா அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்தால், என் வாசலுக்கு ரதம் வரும்போது உன் காலடியில் போட்டு எடுக்கிறேன் என்று. கோயிலில் போட்டு எடுப்பது ஒன்று. அம்மன் நம் வாசல் தேடி வரும்போது போட்டு எடுப்பது வேறு. திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால்தான் பெண் குழந்தை பிறந்தது. வயிற்றை அறுத்து எடுத்த பிரசவம். இருந்தும் மகள் மெல்ல மலையேறி வந்துவிட்டாள்.

திருவிழா அன்று மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். தூறலில் கரைந்த கோலத்தைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கால் மடங்காததால் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, முக்காலியை நகர்த்தி நகர்த்திப் போட்டாள். குழந்தைக்குப் புதுச் சட்டை. வாசலில் தட்டு, தேங்காய், எலுமிச்சம்பழம், ஒரு சின்னச் சிவப்புப் பட்டு.

"எத்தன மணிக்குடா வரும்?"

"இருட்டறதுக்குள்ள வந்துடும் அக்கா. செயலாளரு நானில்ல?" என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

சாயங்காலம் ரதம் கிளம்பியது. தேயிலைச் சரிவு முழுக்கப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. லோரி முன்னால், ரதம் பின்னால், அதன் பின் மேளம், அதன் பின் நாங்கள். பொருளாளர் வரி கட்டினவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே நிறுத்துவது என்று டிரைவருக்குச் சொல்லியபடி வந்தார். கீழ் லயத்தில் அக்கா வீட்டுக்கு முந்தைய வீட்டில் தீபாராதனை நடந்துகொண்டிருந்தபோது டிரைவரிடம் போய், "அடுத்த வீடு கட்டல, நேரா போயிடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அண்ணே, அடுத்தது எங்க அக்கா வீடு."

"தெரியும் தம்பி. வரி கட்டலையே."

"அது விலக்கு அண்ணே. மூணாம் பிரிவு."

"விலக்குன்னா கட்டலன்னுதானே? ஒம்பதுல கட்டுன வீட்டு வாசல்ல மட்டும்னு போட்டிருக்கே. மட்டுமேன்னு ஏகாரம் வேற போட்டிருக்கீங்க. நீங்கதானே எழுதுனீங்க?"

நானேதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கு ஆயிற்று என்பார்கள். நான் பிடித்தது குரங்குமில்லை. அக்காவுக்கு மாலை கட்டுகிறேன் என்று உட்கார்ந்து அதையே அவள் வாசலுக்குக் குறுக்கே கயிறாகக் கட்டிவிட்டேன். மூன்றையும் ஒன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை படித்திருந்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். படிக்கிற நேரத்தில் நான் சாம்பாரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி அண்ணே, எழுதுனதுல தப்பு. நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

தலைவர் குறுக்கே வந்தார். "செயலாளர் சொன்னா மாத்த முடியாது தம்பி. கமிட்டி கூடித்தான் மாத்தணும்." அதுவும் நான் எழுதியதுதான். பதினோராம் பிரிவு. முடிவில் கம்பீரமாக இருக்கட்டும் என்று சேர்த்தது.

கமிட்டி மொத்தமும் அங்கேதான் இருந்தது. தூறலுக்கு ஒதுங்கி, அந்த வீட்டு ஜிங்குத் தகரக் கூரையின் கீழ் நின்றோம். அவசரக் கூட்டம். ஒரு நிமிஷ வேலை என்று நினைத்தேன். விலக்கு பெற்ற வீட்டிலும் ரதம் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் கமிட்டி கூடிவிட்டது என்றால் கூடிவிட்டதுதான்.

"மாத்துறதுதான் மாத்துறோம், அந்த லோரி பார்க்கிங்கயும் பாத்துடுவோம். என் சொந்த லோரியையே நிறுத்த விடமாட்டேங்கறானுங்க" என்றார் பொருளாளர், அந்தப் பிரிவைக் கொண்டுவந்தவரே.

"அப்ப கோழி?"

"கோழிய எடுத்தா நாற்காலியையும் எடுக்கணும்."

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: ஓடிப்போய் டிரைவரிடம் நில் என்பது. அது எனக்குத் தோன்றவில்லை. பேனாவை எடுத்தேன். அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தில் திருத்தங்களுக்கு எண் போட்டு எழுத ஆரம்பித்தேன். மேளச் சத்தம் குறைந்துகொண்டே போயிற்று. நல்லது, பேச வசதி என்றுகூட நினைத்தேன். பிறகு எல்லாரும் கை தூக்கினோம். ஒருமனதாக நிறைவேறியது. வெற்றியோடு திரும்பிப் பார்த்தால் ரதத்தைக் காணோம்.

தீபாராதனை முடிந்ததும் டிரைவர் தனக்குச் சொன்னபடி நேராகப் போய்விட்டார். அவருக்கு யாரும் மாற்றிச் சொல்லவில்லை. ரதம் அக்கா வீட்டைத் தாண்டி, வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மன் ரதம் பின்னோக்கி வரக்கூடாது. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சட்டம் அது. யாரும் எழுதி வைக்காததால் அதில் ஓட்டை கிடையாது. பாதையோ ஒரு லோரிக்குத்தான் அகலம். திரும்ப இடமில்லை.

அக்கா வாசலில் நின்றாள். கையில் குழந்தை. பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு மகள். தட்டில் கற்பூரம் ஏற்றாமலே இருந்தது. ரதம் போன பாதையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்டா நிக்கல?"

சொன்னேன். மூன்று, ஒன்பது, பதினொன்று எல்லாம் சொன்னேன். கையிலிருந்த திருத்தத்தைக்கூடக் காட்டினேன். மூடன், வேறென்ன சொல்ல?

"எனக்கு வரி வேணாம்னு யாரு கேட்டா?" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இந்த மலையில பொறந்ததுலேருந்து வேல செஞ்சிருக்கேன். வரி கட்ட வக்கில்லன்னு ஒன்கிட்ட நான் எப்பவாச்சும் சொன்னேனா? என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. ஐந்து வீடு தள்ளி இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

"எங்காலு ஓடாது. இவளும் ஓட முடியாது" என்று சொல்லி, குழந்தையை என் கையில் வைத்தாள். "நீ ஓடு."

ஓடினேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்ட நேரமில்லை. ஒரு கையில் குழந்தை, மறு கையால் வேட்டி. செருப்பு ஒன்று தேயிலைக்குள் போயிற்று. இன்னொன்றை நானே உதறினேன். ஈரத் தார் ரோட்டில் வயிறு குலுங்க, "நிறுத்து, நிறுத்து லா" என்று கத்திக்கொண்டு போனேன். லயத்து வாசல்களில் நின்ற சனம் சிரித்தது. சிரிக்கட்டும். குழந்தை மட்டும் அழாமல், இது யார் என்கிற மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தது.

வளைவின் அடியில் ஒரு வீட்டில் ரதம் நின்றிருந்தது. கூட்டம் விலகிக் கொடுத்தது. பூசாரியிடம் குழந்தையை நீட்டினேன். எனக்குப் பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது. அவர் வாங்கி, அம்மனின் காலடியில் கிடத்தினார். அப்போதுதான் அது வீறிட்டு அழுதது. திருநீறு பூசினார். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "எந்த வீட்டு அர்ச்சன? தலைக்கட்டுப் பேரு?" என்றார்.

வழக்கத்தில் மாமா பெயர்தான் சொல்வோம். இறந்து இத்தனை காலமாகியும் பழைய பட்டியல்களில் அவர் பெயரேதான் இருக்கும். வாய் வரைக்கும் அது வந்தது.

"அக்கா" என்றேன்.

"அக்கா பேரு என்னப்பா?"

அக்கா பெயரை நான் வாழ்க்கையில் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. மூத்தவள் பெயரை எந்தத் தம்பி சொல்வான்? விண்ணப்பப் பாரங்களில் எழுதியிருக்கிறேன். வாயால் இல்லை. அன்று உரக்கவே சொன்னேன். பூசாரி அதை மைக்கில் சொன்னார். லோரி மேல் கட்டிய இரண்டு ஒலிபெருக்கிக் குழாயும் அதை வாங்கி, சரிவு முழுக்க எடுத்துக்கொண்டு போயின.

வெறுங்காலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் திரும்பி ஏறினேன். அக்கா இன்னும் வாசலில்தான் நின்றிருந்தாள். குழந்தையை வாங்கி, நெற்றித் திருநீற்றில் கொஞ்சம் எடுத்து மகளுக்கு வைத்தாள். தானும் இட்டுக்கொண்டாள். அவள் அழுதிருந்தாள்.

"மைக்குல கேட்டுச்சு" என்றாள்.

பிறகு உள்ளே போய், எனக்குக் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள்.