யன்னலோர ஆசனமும் என் இடது காலும்

காலை ஆறு மணிக்குக் கொழும்பில் பஸ் ஏறினேன். திருகோணமலைக்கு இருநூற்றறுபது கிலோமீற்றர் சொச்சம். யன்னலோரம் இடம் பிடித்து, பையைக் கால்களுக்கிடையில் செருகி, டின்மீன்போல் அடைந்துகிடந்தேன். தண்ணீர் ஒரு மிடறும் குடிக்கவில்லை. குடித்தால் இறங்க வேண்டும். இறங்கினால் யன்னல் பறிபோகும். ஹபரணையில் எல்லோரும் தேநீருக்கு இறங்கியபோதும் நான் என் அரியணையைக் காத்தேன்.

பிற்பகல் இரண்டு மணி, திருகோணமலை ஓர்ஸ் ஹில். அக்கா வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் உள்துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள், என்னைப்போலவே அசையாமல். அத்தான் சூடைமீன் பொரியலோடு காத்திருந்தார். மறுநாள் இறக்கக்கண்டிக் கடற்கரைக்குப் போய், வள்ளத்தடியிலேயே மீன் வாங்குவதென்று முடிவாயிற்று.

மறுநாள் காலை ஏழு மணி. காற்சட்டைக்குள் வலது கால் போனது; இடது கால் போக மறுத்தது. கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது, தொட்டால் நொந்தது.

“பஸ்ஸிலை பிடிச்ச பிடிப்பு. ரெண்டு உருவு உருவினா இறங்கியிடும்” என்று அத்தான் எண்ணெய்ப் போத்தலோடு குந்தினார். எங்கள் வீடுகளில் எந்த நோவுக்கும் முதல் வைத்தியம் அதுதான். நானும் ராசாபோலக் கதிரையில் சாய்ந்து காலை நீட்டினேன்.

அக்கா தாதி. இரவுக் கடமை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்தாள்.

“கையை எடுங்கோ!”

அத்தானின் கை அந்தரத்தில் நின்றது. எண்ணெய் நிலத்தில் சொட்டியது.

“ஒரு கால்தான் வீங்கியிருக்கு, தெரியேல்லையே? நேற்று எத்தினை மணித்தியாலம் இருந்தனீ?”

“எட்டு.”

“இடையிலை எழும்பினனீயோ? தண்ணி குடிச்சனீயோ?”

“யன்னல் போயிடுமெண்டு...”

“விசரா! கால் அசைஞ்சாத்தான் கெண்டைச்சதை இரத்தத்தை மேலை தள்ளும். இல்லாட்டி நாளத்துக்கை தேங்கி உறைஞ்சிடும். உருவினா அந்தக் கட்டி கழண்டு நுரையீரலுக்குப் போகவும் கூடும். உயிருக்கே ஆபத்து.”

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கான் செய்தார்கள். அக்கா பயந்தது சரி. முழங்காலுக்குப் பின்னால் இரத்தக்கட்டி. இரத்தம் மேலும் உறையாமலிருக்க ஊசி போட்டார்கள், பிறகு குளிசை தந்தார்கள்.

கட்டிலருகே அத்தான் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் உன்னைச் சாகடிச்சிருப்பனேடா, தம்பி.”

“பரவாயில்லை அத்தான். நல்ல வாசமான எண்ணெய்.”

அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மூன்று நாளுக்கு வந்தவன், டொக்டர் “இனிப் போகலாம்” என்னும்வரை பல வாரங்கள் தங்கினேன். இறக்கக்கண்டியை நான் காணவில்லை. அத்தான்தான் அங்கே போய்ப் போய் மீன் கொண்டுவந்தார். கொழும்பில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு என் பெயர் தெரியாது; ஓர்ஸ் ஹில்லில் என் இடது காலைத் தெருவே நலம் விசாரித்தது.

புறப்படும்போது அக்கா இரண்டு தண்ணீர்ப் போத்தல் தந்தாள். அத்தான் அந்த எண்ணெய்ப் போத்தலை நீட்டினார்.

“காலுக்கில்லை. தலைக்கு வை. பிழை அங்கைதான்.”

இம்முறை பஸ்ஸில் நடைபாதையோர ஆசனம். ஹபரணையில் முதல் ஆளாக இறங்கி, பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கொண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“என்ன ஐயா, ஏதும் துலைச்சுப்போட்டீங்களோ?”

“ஓம் தம்பி, ஒரு இரத்தக்கட்டி. கண்டெடுத்தால் திருப்பித் தரவேண்டாம்.”