பாய்லருக்குச் சுத்தின துணி

என்ரை வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடவேணும் எண்டு மனுசி கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் சொல்லிக்கொண்டு வந்தவ. லண்டன் ஹவுன்ஸ்லோவிலை பஸ்ஸுக்கு நிக்கிற சனத்தோடையும் கதைப்பன், மீன்கடைப் பொடியனோடையும் கதைப்பன். வேறை என்னத்தை, ரயிலைப் பற்றித்தான். இலங்கை ரயில்வே வேர்க்‌ஷொப்பிலை எஞ்சின் திருத்திற பிற்றராய் இருந்தவன் எண்ட பெருமை கலவரத்தோடை ஓடி ஜேர்மனிக்குப் போயும் போகேல்லை, பிறகு லண்டனுக்கு வந்தும் போகேல்லை.

அந்த நோட்டீசைக் கண்டவுடனை எனக்குத் தலைகால் தெரியேல்லை. எங்கடை ரோட்டு முடிவிலை இருக்கிற சேர்ச் மண்டபத்திலை, இலங்கையிலை அழியவிடாமல் வைச்சிருக்கிற பழைய எஞ்சின்களையும் ரயில்கார்களையும் படம் போட்டுக் காட்டப்போகினமாம். மனுசியையும் கூப்பிட்டன். அவவுக்கு ஏலாது, மூச்சு வாங்கும். அதுக்குள்ளை இரண்டு தரம் நெஞ்சிலை ஊசி குத்தித் தண்ணி எடுத்தாச்சு. ஒரு துண்டுச் சதையும் வெட்டிச் சோதனைக்கு அனுப்பிப்போட்டு, என்ன வருத்தம், என்ன நோய் எண்டு தெரியாமல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தம்.

"நீங்கள் போட்டு வாங்கோ. இஞ்சை இருந்து என்ரை மூச்சை எண்ணிக்கொண்டிராதேங்கோ," எண்டா. போனன்.

மண்டபத்திலை ஒரு இருபது பேர் இருந்திருப்பினம், எல்லாம் நரைச்ச வெள்ளைக்காரர். ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர், இரண்டு தரம் இலங்கைக்குப் போய் ஷெட் ஷெட்டாய் அலைஞ்சு எடுத்த படங்களைக் காட்டினார். எண்ணெய் பூசி மினுக்கி நிப்பாட்டின நீராவி எஞ்சின்கள் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு வந்துது. அந்தச் சின்ன நாட்டிலை இவ்வளவும் மிஞ்சிக் கிடக்கோ எண்டு எனக்கு ஒரே புளுகம், மனம் துள்ளிச்சுது.

பிறகு ஒரு படம் வந்தது. ஒரு முனையிலை சின்ன பாய்லர், மிச்சமெல்லாம் ஆக்கள் இருக்கிற பெட்டி. பழைய நீராவி ரயில்கார். "அட, நீயோ!" எண்டு தமிழிலை கத்தியே போட்டன். ஒதுக்கி விட்டிருந்த அதைத் திருத்தித் திரும்ப ஓடவைச்ச ஆறு பேரிலை நானும் ஒருத்தன். எனக்குக் கலியாணம் நடந்த வருசம் அது.

நான் ஆரெண்டு இங்கிலீசிலை சொல்ல, வாத்தியாருக்குச் சந்தோசம் தாங்கேல்லை. முன்னுக்கு வந்து கதையைச் சொல்லுங்கோ எண்டார். ஆடத் தெரிஞ்சவனுக்கு மேடையும் கிடைச்சால் விடுவானோ?

சொன்னன். பாய்லரின்ரை சூடு வெளியிலை போகாமல் இருக்க அதைச் சுத்தி ஒரு தடிச்ச வெள்ளைத் துணி போடுறது. பழசைப் பிச்செறிஞ்சுபோட்டுப் புதுசைச் சுத்தினது என்ரை கை. வெட்டி மிஞ்சின துண்டுகளை எங்கடை ஆக்கள் எறியிறேல்லை. சனிக்கிழமை வேலை முடியேக்கை ஆளுக்கொரு துண்டு சாப்பாட்டுப் பைக்குள்ளை போகும். மேற்பார்க்கிற போர்மன் மற்றப் பக்கம் பார்ப்பார், அவரின்ரை குசினியிலையும் அதுதானே கிடந்தது. எங்கடை ரயில்வே குவாட்டர்ஸ் வரிசையிலை அந்தத் துணி இல்லாத அடுப்படி இல்லை. சட்டி இறக்க, கொதிக்கிற கேத்தில் வைக்க, இஸ்திரிப் பெட்டிக்குக் கீழை போட, எல்லாத்துக்கும் அதுதான். நெருப்புக்குள்ளை பிடிச்சாலும் எரியாது. புதுப் பொம்பிளைக்கு முன்னாலை அதை அடுப்புக்குள்ளை விட்டெடுத்து வித்தை காட்டினனான். "ஐயோ, மந்திரவாதியை எல்லோ கட்டிப்போட்டன்!" எண்டு அவ விழுந்து விழுந்து சிரிச்சா. நகை நட்டு வாங்கிக் குடுக்க வக்கில்லாதவன் குடுத்த முதல் பரிசு அது.

இவ்வளவையும் சொல்லிப்போட்டுச் சிரிப்புக்காகக் காத்துக்கொண்டு நிண்டன். எந்தச் சபையிலையும் சிரிப்பு வாங்கித் தாற கதை. ஒருத்தரும் சிரிக்கேல்லை.

முன் வரிசையிலை இருந்த கிழவர் ஒருத்தர், இந்த நாட்டு ரயில் வேர்க்‌ஷொப்பிலை வேலை செய்தவராம், மெல்லக் கேட்டார்: "உங்கடை மனைவி சுகமாய் இருக்கிறாவோ?"

ஏன் கேக்கிறியள் எண்டன்.

"அது அஸ்பெஸ்டஸ் துணி. என்னோடை அந்த வேலை செய்தவன் இப்பவும் நல்லாய்த்தான் இருக்கிறான். அவன்ரை வேலை உடுப்பை உதறித் தோய்ச்ச மனுசிதான் செத்துப்போனது. நெஞ்சிலை தண்ணி கட்டி."

நெஞ்சிலை தண்ணி எண்ட சொல்லை நான் அந்த மண்டபத்திலை ஒருத்தருக்கும் சொல்லியிருக்கேல்லை. கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன்.

முதல் கிளினிக்கிலையே டொக்டர் கேட்டவர், இவவுக்கு அஸ்பெஸ்டஸோடை ஏதும் தொடர்பு இருந்ததோ எண்டு. மனுசி ஏர்போட் சமையல் தொழிற்சாலையிலை வருசக்கணக்காய் நிண்டவ, ஆனால் அங்கை பக்கத்திலை நிண்டதெல்லாம் தமிழ்ப் பொம்பிளையள்; இங்கிலீஸ் பிடிபடேல்லை. டொக்டரிட்டை எப்பவும் நான்தான் மொழிபெயர்க்கிறது. எனக்கு அஸ்பெஸ்டஸ் எண்டால் கூரைக்குப் போடுற சீற். எங்கடை குவாட்டர்ஸ் ஓட்டுக் கூரை. அவவை ஒரு சொல்லுக் கேக்காமல், "நோ டொக்டர்," எண்டு சொல்லிப்போட்டன். என்ன திமிர் பாருங்கோ! கேள்வி அவவுக்கு, பதில் என்னட்டை.

வீட்டை வர, "கூட்டம் எப்பிடி? வாயைத் திறந்திருப்பியளே," எண்டா.

"ஓம், கொஞ்சம்," எண்டன்.

அவ சிரிச்சா. சிரிப்பு இருமலாய்ப் போய், இருமல் நிக்க நேரம் எடுத்துது.

அதுக்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேலை நான் சொல்லேல்லை. "என்னப்பா, வாய்க்குள்ளை கொழுக்கட்டையோ?" எண்டு இரண்டு தரம் கேட்டுப் பார்த்தா. சொன்னால் வருத்தம் மாறப்போகுதோ எண்டு எனக்கு நானே நியாயம் சொன்னன். அது பொய். எனக்குப் பயம். அவ போயிடுவா எண்ட பயத்தை விட, என்னாலைதான் எண்டு தெரிஞ்சுகொண்டு போயிடுவா எண்ட பயம்தான் பெரிசாய் இருந்தது. வெக்கம் கெட்டவன். டொக்டர் என்னத்தைச் சொன்னாலும் மொழிபெயர்க்கிறவன் நான்தானே எண்ட ஒரு துணிச்சலும் இருந்தது.

முடிவு சொல்லுற நாள் மகள்தான் கிங்ஸ்பரியிலையிருந்து வந்து எங்களைக் காரிலை கூட்டிக்கொண்டு போனாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். எங்களை வாசலிலை இறக்கிப்போட்டுக் கார் விட இடம் தேடிப் போயிட்டாள். உள்ளை போக, இண்டைக்கு வீட்டு ஆக்கள் மொழிபெயர்க்க ஏலாது எண்டு நேர்ஸ் சொன்னா. ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளையை அதுக்கெண்டு கூப்பிட்டு வைச்சிருந்தினம்.

நுரையீரலை மூடியிருக்கிற சவ்விலை புற்றுநோய் எண்டார் டொக்டர். "குணப்படுத்த முடியாதும்மா. கஷ்டத்தைக் குறைக்க மருந்து தருவாங்களாம்," எண்டு அந்தப் பிள்ளை ஆறுதலாய்ச் சொல்லிச்சுது. மனுசி தலையை ஆட்டினா. "ஓம். நான் நினைச்சதுதான்."

அஸ்பெஸ்டஸைப் பற்றி டொக்டர் திரும்பவும் கேட்டார். அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இனி மறைக்க ஏலாது. இங்கிலீசிலை எல்லாத்தையும் சொன்னன்: பாய்லர், வெள்ளைத் துணி, நான் வீட்டை கொண்டு வந்தது. நான் ஒரு வசனம் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை தமிழிலை மனுசிக்குச் சொல்லிக்கொண்டே வந்துது. தயவுசெய்து இதை அவவுக்குச் சொல்லாதேங்கோ எண்டு இங்கிலீசிலை கெஞ்சினன். அங்கை ஆர் என்ன சொன்னாலும் அதைச் சொல்லவேண்டியது அதின்ரை வேலை.

"'இதை அவங்களுக்குச் சொல்லாதீங்க'ன்னு உங்க கணவர் கேக்கிறாரும்மா," எண்டுது.

மனுசி என்ரை பக்கம் திரும்பேல்லை. மடியிலை கிடந்த கையைப் பார்த்துச் சொன்னா: "அந்தத் துணியிலை கரி பிடிக்கும். ஒவ்வொரு நாளும் விடிய வாசல்படியிலை அடிச்சு உதறுவன். மகளை இடுப்பிலை வைச்சுக்கொண்டுதான் உதறிறது. தூசு பறக்க, அவள் எட்டி எட்டிப் பிடிச்சுச் சிரிப்பாள்."

"இஞ்சேரும்..." எண்டன் நான்.

அவ கதிரையை அந்தப் பிள்ளையின்ரை பக்கம் திருப்பினா.

"பிள்ளை, நீங்கள் கேளுங்கோ. இந்த மனுசன் கேட்டால் எனக்கு மாத்திச் சொல்லுவார். என்ரை மகளுக்கும் இது வருமோ எண்டு டொக்டரைக் கேளுங்கோ."